விட்டுப்போன பதினோராம் பாடம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தரம் பதினொன்று வகுப்பறையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளி இரண்டுதான் இருந்தது, மூன்றாவதுக்குக் குப்பைக் கூடையை வைத்தேன். கூடை ஓட்டைக் கூடை என்பது பிறகுதான் நினைவு வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். என் கைப்பையில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீர் இருப்பதால் அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் ‘போத்தல் டீச்சர்’. மழைக்குள்ளும் போத்தலோடு வருகிறவள் என்று இன்று புதிதாக ஒரு நையாண்டி.

பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்ப்பட்டியல் சரிபார்ப்பதற்காக வந்திருந்தது. வகுப்பாசிரியர் நான் என்பதால் பதினேழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரே ஒரு பிழை. துளசிகாவுக்குச் சமயப் பாடம் கத்தோலிக்கம் என்று விழுந்திருக்கிறது. அவள் சைவப் பிள்ளை. வகுப்பில் பதினான்கு பேர் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பிள்ளைகள், மூன்று பேர்தான் சைவம். சமயப் பாடம் இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை இல்லை, அதுவும் அவள் ஒன்பது பாடத்திலும் ஏ எடுக்க வேண்டும் என்று நிற்கிறவள்.

பள்ளி அதிபர் குணசீலன் சேரிடம் காட்டினேன். படிவங்களில் ஒரே பாட இலக்கத்தை வரிசையாகப் போட்டுக்கொண்டு போகையில் என் கை தவறியிருக்கும் என்றேன். நம்பினார். எதையும் முதலில் பென்சிலால் எழுதுகிற மனிதர், பிறருடைய கை தவறுவதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வலயக் கல்வி அலுவலகத்தில் திருத்தம் கேட்க ஜனவரி பதினாறு வரை நேரம் இருக்கிறது. ஆனால் எப்படிப் பிழை வந்தது, யாரால் வந்தது என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். அதிபர் இரவெல்லாம் யோசித்திருக்கிறார். சைவநெறி படிப்பித்த ஆசிரியை மே மாதம் இடமாற்றம் பெற்றுப் போனவர், பதிலுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. மற்ற இரண்டு சைவப் பிள்ளைகளும் அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கத்தோலிக்கத்துக்கோ நான் இருக்கிறேன்.

“பிள்ளை கெட்டிக்காரி டீச்சர். மூண்டு மாசம் காணும். நீங்களே படிப்பிச்சு விடுங்கோ, வலயத்துக்கு ஏன் வீண் கடிதம்?” என்றார்.

தகப்பனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் பிழை எனக்கே வசதியாகி வருவதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

தவராசா வந்தார். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை வாசலில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஒரு பூசணிக்காயோடு. துளசிகாவின் தகப்பன் இவர். வயல் வேலை, வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் பதிகம் பாடுவது. மகளுக்கும் ஐந்து வயதில் பாடக் கற்றுக்கொடுத்தவர், வலயப் போட்டியில் அவள்தான் முதல் இடம். தாய் இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனவள். அன்றைக்கு அவளோடும் குழந்தையோடும் பங்கருக்குள் இருந்தது நான். ஆறு வருடத்துக்கு முன் நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டவர், அன்றிலிருந்து விளைந்ததெல்லாம் எனக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம்: நீங்கள் இல்லாவிட்டால் இவள் இல்லை.

விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எந்தச் சாமியைப் படிச்சாலும் படிப்புத்தானே. நீங்க படிப்பிச்சா எனக்குப் பயமில்லை டீச்சர்” என்றார். அவர் முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பத்து வருடம் அவர் சொல்லிக்கொடுத்தது பரீட்சைத் தாளில் வராது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

துளசிகா ஒன்றுதான் கேட்டாள்.

“நான் படிவத்திலை கையெழுத்து வைக்கேக்க சமயப் பெட்டி வெறுமையா இருந்தது டீச்சர். மற்ற ஆக்களுக்கு இலக்கம் போட்டிருந்தது.”

நிரப்ப மறந்திருப்பேன் என்று சொன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்கு முழுப் பூசணிக்காய் வீடு தேடியே வருகிறது. பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

முதல் வகுப்பு. இடைவேளையில், நூலக அறையில். பிரச்சினை இல்லை.

நவம்பர் 20, வியாழன்

பிரச்சினை இருக்கிறது. எங்கள் வேத வசனங்களை அவளால் வாசிக்க முடியவில்லை, பாடுகிறாள். இன்று ஒரு பகுதியைச் சத்தமாக வாசி என்றேன். இரண்டு வரி வாசித்தாள், மூன்றாவது வரியில் குரல் தானாகப் பண்ணுக்குப் போய்விட்டது. யன்னலில் நின்ற எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைத் துரத்திவிட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சொன்னாள், கடவுளைப் பற்றியதை வெறுமனே வாசித்தால் தினகரன் பேப்பர் வாசிப்பது போல இருக்கிறதாம்.

முப்பது வருடமாக நான் அதைப் பேப்பர் வாசிப்பது போலத்தான் படிப்பித்திருக்கிறேன். அவளைத் தொடரச் சொன்னேன். அந்த அரை மணித்தியாலம் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன். அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

பத்தாம் பாடம் வரை வந்துவிட்டோம். பதினோராம் பாடம் இரக்கச் செயல்கள், ஏழு அம்சங்கள், மனப்பாடப் பகுதி. நேரம் போதாததால் விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குப் போனேன்.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுத் தண்ணீர்ப் பம்பி பழுது. திருத்த வந்தவன் பார்த்துவிட்டு, இது போய்விட்டது அம்மா என்று ஒரு சாவுச் செய்தி போலச் சொல்லிவிட்டுப் போனான். கிணற்றில் அள்ளுகிறேன். குடம், வாளி, போத்தல் எல்லாவற்றையும் நிரப்பி வைத்த பிறகுதான் படுக்க மனம் வருகிறது.

இன்றும் பதினோராம் பாடத்துக்கு நேரம் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் பற்றிய பாடம். உயிர் போகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு, குருவானவர் இல்லாத இடத்தில், எவரும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பதை விளக்கினேன். ஒவ்வொரு வருடமும் பரீட்சையில் வரக்கூடியது.

“தாய் தகப்பனிட்டைக் கேக்க வேண்டாமோ டீச்சர்?”

நேரம் இல்லாத இடத்தில் எப்படிக் கேட்பது என்றேன்.

அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “பிறகு நேரம் கிடைச்சாச் சொல்ல வேணுமோ?” என்று கேட்டாள்.

அது பாடத்திட்டத்தில் இல்லை என்றேன். தலையிடி என்று சொல்லி வகுப்பை நேரத்துக்கு முன்பே முடித்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் கோயிலில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டால் ஊர் இருண்டுவிடும் என்று நினைக்கிற பூனையாக எத்தனை வருடம் இருந்துவிட்டேன். இந்தக் கொப்பியிலாவது எழுதுகிறேன்.

துளசிகாவுக்கு அன்று வயது பதினெட்டு நாள். தவராசா தண்ணீர் தேடிப் போயிருந்தார். செல் குண்டு விழுந்தது பங்கர் வாசலில். தாய் வசந்தமலருக்கு வயிற்றில் காயம். குழந்தைக்குக் காயம் ஒன்றும் இல்லை, ஆனால் தூசி அடைத்து மூச்சு எடுக்கவில்லை, உதடு நீலமாகிவிட்டது. நான் அதற்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். போகப் போகிற குழந்தை வெறுமனே போகக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. தண்ணீர் தலையில் பட்டதும் அது வீரிட்டு அழுதது. அழுகையில் மூச்சு வந்தது. எனக்கு அது அற்புதம். மருத்துவம் படித்தவர்கள் வேறு பெயர் சொல்வார்கள்.

தகப்பன் வந்தபோது குழந்தையைக் கையில் கொடுத்தேன். வசந்தமலர் உடனேயே போய்விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். திருமுழுக்கைப் பற்றிச் சொல்லவில்லை. இப்படி அவசரத்தில் கொடுத்தால் பங்குக் கோயிலில் அறிவித்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அறிவிக்கவில்லை. அறிவித்தால் தகப்பனுக்குத் தெரிந்துவிடும்.

ஆக அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. செப்டெம்பரில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினாறு பேருக்கும் இலக்கம் போட்டாயிற்று. மற்ற இரண்டு சைவப் பிள்ளைகளுக்கும் சரியான இலக்கம்தான் போட்டேன். அவளுடைய பெட்டியை மட்டும் வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் போன பிறகு எங்களுடைய இலக்கத்தை எழுதினேன்.

கை தவறவில்லை. ஒரு காகிதத்திலாவது அந்தத் திருமுழுக்கை எழுதிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

டிசம்பர் 25, வியாழன்

நத்தார். துளசிகா காலையில் வந்து, கிணற்றடியில் நின்று எனக்கு இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வைத்துவிட்டுப் போனாள். பம்பி பழுது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

பள்ளி தொடங்கியது. மீட்டல் வகுப்பு.

நான் விட்டுப்போன பாடத்தை அவள் விடுமுறையில் தானே படித்திருக்கிறாள். “பதினொண்டைக் கேளுங்கோ டீச்சர், நீங்க எடுக்கேல்லை” என்று புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பதிகம் ஒப்புவிக்கிறது போல ஆரம்பித்தாள். பசித்தவருக்கு உணவு கொடுத்தல். தாகமாய் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்தல். அதற்குப் பிறகு அவள் சொன்ன ஐந்தும் என் காதில் விழவில்லை. ஏழும் சரியா என்று அவள் கேட்டது மட்டும் கேட்டது. சரி என்றேன்.

இனி மிச்சத்தையும் எழுதத்தான் வேண்டும்.

வசந்தமலர் தண்ணீர் கேட்டாள். ஒரு தரம் அல்ல. தண்ணி அக்கா, தண்ணி அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பங்கருக்குள் ஒரு போத்தலின் அடியில் இரண்டு வாய்த் தண்ணீர் இருந்தது. அதைத்தான் நான் குழந்தையின் தலையில் ஊற்றினேன். சில துளிகளே போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முறையாகச் செய்ய வேண்டும் என்று மூன்று தரம் ஊற்றினேன். மூன்றாவது தரம் ஊற்றியபோது போத்தல் முடிந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பிற்பாடு பலர் சொல்லக் கேட்டேன். அன்று எனக்கு அது தெரியாது. தெரியாமல் செய்ததற்கு அந்த நியாயத்தை இழுத்துப் போர்த்துக்கொள்ள முடியாது. அவளுடைய உதட்டை நனைத்திருக்கலாம். ஒரு விரலாலாவது.

ஜனவரி 8, வியாழன்

பள்ளி விட்டதும் சைக்கிளில் தவராசா வீட்டுக்குப் போனேன். லாண்ட்மாஸ்டரின் சங்கிலியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கதிரை எடுக்க எழுந்தவரை இருக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன். இருந்துவிட்டால் வாய் வராது என்று தெரியும். படிவம், திருமுழுக்கு, தண்ணீர், மூன்றையும் அந்த வரிசையில் சொன்னேன். முக்கியமானதைக் கடைசியில் வைத்தது என் கோழைத்தனம்.

அவர் கையிலிருந்த சீலைத் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். 

“அந்தத் தண்ணி பிள்ளைக்குப் பால்மா கரைக்கவெண்டு நான் வைச்ச தண்ணி டீச்சர். காலமையே மலர் என்னட்டையும் கேட்டவ. பிள்ளைக்கு வேணும், தொடாதை, நான் கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனனான்.” சீலைத் துண்டை மடித்து வைத்தார். “நீங்களும் பிள்ளைக்குத்தான் ஊத்தியிருக்கிறீங்கள்.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. நான் முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் மற்றதையும் சொன்னார்.

“அண்டைக்கு ஆரிட்டையும் கேக்க நேரமில்லை. அதை நான் ஏற்பன். ஆனா செப்டெம்பரில என்ன செல்லா விழுந்தது? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

சைக்கிளை எடுக்கப் போனேன். 

திரும்பியபோதுதான் பார்த்தேன், துளசிகா கதவடியில் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைத்தான் பார்த்தாள்.

“அம்மா என்னாலையோ தண்ணி குடிக்காமப் போனவ?”

இல்லை என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் உள்ளே போய்விட்டாள். நான் சுமந்த கல்லை இறக்கி வைக்கப் போய், பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

திருத்தம் கேட்கும் கடிதத்தை எழுதிக்கொண்டு போனேன். அதிபர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைத்தவறு என்று போட்டால் போதும், ஏன் இப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். பென்சிலை எடுத்து அந்த வரியின் கீழ் மெதுவாகக் கோடு போட்டுக் காட்டினார். மாணவியின் சமயம் சைவம் என்று தெரிந்திருந்தும் நானே மாற்றி எழுதினேன், என்பதுதான் அந்த வரி.

கைத்தவறு என்று எழுதினால் அதுவும் ஒரு வெறுமைப் பெட்டிதான் சேர் என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் பேனாவால் கையெழுத்துப் போட்டார். விளக்கம் கேட்பார்கள், இடமாற்றமும் வரலாம் என்றார். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கையில் எங்கே அனுப்பினாலும் போவேன் என்று வீரமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பயந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். ஆறு வருடத்தில் முதல் தடவையாக தவராசா வீட்டுப் பொங்கல் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

திருத்தம் ஏற்கப்பட்டது. துளசிகாவுக்குச் சைவநெறி. இரண்டு மாதம் என்னிடம் படித்ததெல்லாம் வீண், இப்போது மூன்று வாரத்தில் மறந்துபோனதை மீட்க வேண்டும். பஸ் ஏறி நகரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய், அங்குள்ள சைவநெறி ஆசிரியரைக் கெஞ்சி ஐந்து வருடத்து வினாத்தாள்களும் ஒரு குறிப்புக் கொப்பியும் வாங்கி வந்தேன். மூன்று பிரதி எடுத்தேன். மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு பிள்ளைகளையும் இத்தனை மாதமாக நான் நினைக்கவே இல்லை என்பது, பிரதி எடுக்கும் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

துளசிகா தன்னுடைய பிரதியை வாங்கினாள். நன்றி டீச்சர் என்றாள். அவ்வளவுதான். நான் அவர்கள் வீட்டுக்குப் போன நாளிலிருந்து என்னோடு பேசுவது அவ்வளவுதான்.

பெப்ரவரி 6, வெள்ளி

வலயத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

இடைவேளைகளில் நூலக அறையில் மூன்று சைவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதிபரின் அனுமதியோடு தவராசா வயலை விட்டுவிட்டு வந்து பதிகத்துக்குப் பொருள் சொல்கிறார். சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு வருகிறார். நான் அடுத்த அறையில் வரலாறு கொப்பிகள் திருத்தினேன். துளசிகாவின் குரல் கேட்டது. பாடினாள். நன்றாகப் பாடினாள்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. பரீட்சை இருப்பதால் விழிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தேன். புதன்கிழமை எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. புதிய பம்பி வந்துவிட்டது. ஆனாலும் குடங்களை நிரப்பித்தான் வைத்தேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

பரீட்சை. முதல் நாள் சமயம்.

நிலையத்து வாசல் வரைதான் எங்களுக்கு அனுமதி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டு, சிலர் காலைத் தொட்டு, உள்ளே போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். சைவப் பிள்ளைகள் இரண்டு பேரும் திருநீற்றோடு வந்து தலையைக் குனிந்தார்கள். திருநீறு கலையாமல் உச்சியில் கை வைத்தேன்.

துளசிகா கடைசியாக வந்தாள். தகப்பன் வேலிக்கு அப்பால் லாண்ட்மாஸ்டரில் இருந்தார். அவள் என் முன்னால் வந்து நின்றாள், குனியவில்லை. அடையாள அட்டை, அனுமதி அட்டை, இரண்டு பேனா, எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினாள். போ பிள்ளை, நேரமாகிறது என்றேன். அவள் போகவில்லை.

“டீச்சர், தண்ணி இருக்கே?”

அவளுடைய பைக்குள் ஒரு போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரிந்தது. கைப்பையைத் திறந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்து, மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டே போத்தலை என்னிடம் நீட்டினாள்.

“மிச்சம் உங்களுக்கு. குடியுங்கோ, பாத்திட்டுப் போறன்.”

குடித்தேன். முடியும் வரை அவள் நின்றாள். பிறகு வெறும் போத்தலை வாங்கி மூடியைப் பூட்டி என் கையில் தந்துவிட்டு மண்டபத்துக்குள் போனாள். மணி அடித்தது. தவராசா லாண்ட்மாஸ்டரை விட்டு இறங்கி வந்து, பன்னிரண்டு மணி வரைக்கும் வெயிலில் நிற்கப் போகிறீர்களா டீச்சர், மரத்துக்குக் கீழே வாருங்கள் என்றார்.

போய் இருந்தேன்.